பஞ்சாரத்துக்கு வெளியே ஒரு சொந்தம்: மலையோரத்தில் கோழி வளர்ப்போருக்குத் திறந்த மடல்



கம்பம் பள்ளத்தாக்கில் தோட்ட வீட்டோடு இருப்பவர்கள், ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் சாளை போட்டிருப்பவர்கள், வால்பாறையிலும் நீலகிரிக் கூடலூரிலும் லயன் வீட்டுக்குப் பின்னால் நாலு பெட்டை வைத்திருப்பவர்கள், சிறுமலைக்காரர்கள், கொல்லிமலைக்காரர்கள் என்று இந்த மடலுக்கு உரியவர்கள் பலர். ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைக்காரர்களுக்கு இதில் அதிக வேலையில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் “பா... பா...” என்று கூப்பிட்டு அடைக்கிறவர்களுக்குத்தான் விஷயம். இடையில் உள்ள பகல் முழுக்க அந்தக் கோழிகள் எங்கே மேய்கின்றன, அங்கே யாரைச் சந்திக்கின்றன என்பதுதான் பேச்சு.

முதலில் ஒரு சின்ன வேலை. நாளைக் காலை கோழிகளைத் திறந்துவிடும்போது அவற்றின் காலைப் பாருங்கள். சிலவற்றுக்கு வெளுத்த கால், சிலவற்றுக்குக் கருத்த கால், சிலவற்றுக்கு நல்ல மஞ்சள் கால். அந்த மஞ்சள் தீனியால் மட்டும் வந்ததல்ல. கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் எல்லாக் கோழியின் வயிற்றுக்குள்ளும்தான் போகின்றன. வெளுத்த தோல் உள்ள கோழியில் ஒரு நொதி அவற்றைத் தோலில் வைத்தே உடைத்துவிடுகிறது. மஞ்சள் கோழியில் அந்த நொதிக்கான மரபணு மற்ற இடங்களில் வேலை செய்தாலும் தோலில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. நிறமி அப்படியே படிந்துவிடுகிறது. தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் அந்த மரபணு வடிவம் வந்து சேர்ந்தால்தான் கால் மஞ்சளாகும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வெளுப்பே ஜெயிக்கும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லேஃப் ஆண்டர்சன் தலைமையிலான குழு தேடிப்பார்த்து 2008இல் விடை சொன்னது. வீட்டுக்கோழியின் மூதாதை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சிவப்புக் காட்டுக்கோழியிடம் அது இல்லை. இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்தது. அதாவது உங்கள் வேலிக்கு அந்தப்பக்கம், ஓடையைத் தாண்டி, விடிகாலையில் கூவுகிறதே, அதனிடம்.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளை நிரப்பியிருக்கும் வெள்ளை லெக்கார்ன் வழிக் கோழிக்கும் மஞ்சள் கால். கடையில் தொங்கும் பிராய்லருக்கும் மஞ்சள் கால். உலகம் முழுக்க உள்ள மஞ்சள் தோல் கோழி வகைகளில் இருப்பது ஒரே மரபணு வடிவம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நாட்டுக்கோழியை வாட்டி மஞ்சள் பூசி எடுக்கும் நம் வழக்கம் தனி. இது பூசாமலே ஏறிய மஞ்சள்.

வீட்டுக்கோழியின் மூதாதை யார் என்ற பழைய வழக்கில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்த பியர் சொன்னெரா, 1782இல் வெளியிட்ட தன் பயணநூலில் தென்னிந்தியக் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழிக்கு மூலம் இதுதான் என்று வாதாடினார். 1813இல் டச்சுப் பறவையியலாளர் தெமிங்க் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது சொன்னெராவின் பெயரையே சூட்டினார்: கேலஸ் சொன்னெராட்டி. பெயர் நிலைத்தது, வாதம் நிலைக்கவில்லை. டார்வின் 1868இல், வளர்ப்பு விலங்குகள் பற்றிய தன் பெரிய நூலில், சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் காட்டிய காரணங்கள் கோழிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்: கூவல் ஒத்துவரவில்லை, கழுத்து இறகு ஒத்துவரவில்லை, கலப்பில் பிறக்கும் குஞ்சுகள் சரியாக இனம் பெருக்குவதில்லை.

டார்வின் சொன்னது பெரும்பகுதி சரி. 2020இல் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வும், வட தாய்லாந்து, மியான்மர், தென்மேற்குச் சீனப் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே வீட்டுக்கோழி கிளைத்தது என்றது. ஆனால் அந்தக் கோழி மனிதர்களோடு நடந்து தென்னாசியாவுக்கு வந்தபிறகு, ஏதோ ஒரு காட்டோரத்தில் சாம்பல் காட்டுக்கோழியோடு கலந்திருக்கிறது. சொன்னெராவின் வாதம் தோற்றாலும் காலளவுக்கு அவர் பிழைத்துக்கொண்டார்.

சாம்பல் காட்டுச் சேவலை நீங்கள் பார்க்காவிட்டாலும் அதன் கூவலைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுச் சேவலின் நீண்ட இழுப்பு அதற்குக் கிடையாது. வெட்டி வெட்டி நாலு அசையில் கூவி, தொண்டையிலேயே நிறுத்திக்கொள்ளும். பார்வைக்கு உடம்பு முழுக்கச் சாம்பலில் மெல்லிய கோடுகள், வால் கருநீல மினுக்கு, கால் சிவப்பு. கழுத்துதான் விசேஷம். அங்குள்ள கருநிற இறகு ஒவ்வொன்றின் நுனியிலும், மஞ்சள் மெழுகைச் சொட்டவிட்டதுபோலத் தட்டையான ஒரு பொட்டு இருக்கும். தொட்டால் இறகாகத் தெரியாது, வழவழப்பான தகடாகத் தெரியும். சிவப்புக் காட்டுக்கோழி, இலங்கையின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவாப் பக்கத்துப் பச்சைக் காட்டுக்கோழி என்று இந்தக் குடும்பத்தில் இன்னும் மூன்று உறவினர் உண்டு. இப்படி ஒரு கழுத்து அந்த மூன்றில் எதற்கும் இல்லை. பெட்டை பழுப்பு. நெஞ்சில் மட்டும் வெள்ளை இறகுகளுக்குக் கருப்பு ஓரம் கட்டியிருக்கும். சருகுக்குள் அசையாமல் நின்றால் பக்கத்தில் நடந்து போகிறவருக்குக்கூடத் தெரியாது.

அந்தக் கழுத்துப் பொட்டே சேவலுக்கு வினையாகவும் வந்தது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மன் மீன் பிடிப்பது கனவான்களின் பொழுதுபோக்கு. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கட்டிப் பொய்ப்பூச்சி செய்வார்கள். அதில் கண் போலத் தெரிவதற்குச் சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்கு நிகர் இல்லை என்று முடிவுசெய்தார்கள். ஜாக் ஸ்காட் என்ற புகழ்பெற்ற பொய்ப்பூச்சியின் பக்கவாட்டில் இருப்பது இதுதான். ஸ்காட்லாந்து ஆற்றில் ஒரு மீன் ஏமாறுவதற்காகத் தென்னிந்தியக் காடுகளில் கண்ணி வைத்தார்கள். கழுத்துத் தோல்கள் கப்பலேறின. இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தபின், ஐரோப்பாவில் கூண்டில் வளர்த்த சேவல்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் போலிகளும் வந்துவிட்டன. மீன்களுக்கு வித்தியாசம் தெரிவதாக இதுவரை புகார் இல்லை.

இதற்கெல்லாம் நடுவே சேவல் அந்த அலங்காரத்தை வருடம் முழுக்கச் சுமப்பதும் இல்லை. இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் கழுத்து இறகு உதிர்ந்து, மங்கலான குட்டை இறகு முளைக்கும். மழைமாதங்களில் ஒரு மொண்ணைச் சேவலைப் பார்த்தால் அதற்கு நோய் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பருவ மாற்றம் வீட்டுச் சேவலுக்குக் கிடையாது. ஆகவே காட்டுச் சேவலில் வீட்டு ரத்தம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் பறவையியலாளர்கள் முதலில் தேடுகிற அடையாளங்களில் இது ஒன்று.

இனி அது பிழைப்பு நடத்தும் விதம்.

ஈரமான மலைக்காட்டின் தரையை மேலிருந்து பார்த்தால் வெறும் சருகு. அந்தச் சருகைக் கிளறினால் கறையான், எறும்பு முட்டை, வண்டுப்புழு, முளைவிட்ட விதை, உதிர்ந்த அத்திப்பழம் என்று ஒரு சந்தையே கிடக்கும். காட்டுக்கோழி அதைத் திறக்கும் முறை உங்களுக்குப் புதிதல்ல. வலக்காலால் ஒரு சீய்ப்பு, இடக்காலால் ஒரு சீய்ப்பு, ஒரு எட்டுப் பின்வாங்கிக் குனிந்து கொத்து. எருக்குழியில் உங்கள் பெட்டை செய்வதை அப்படியே செய்யும். ஆயிரமாயிரம் ஆண்டு மனிதர் வீட்டில் சோறு தின்ற பிறகும் உங்கள் கோழி தவிட்டுத் தட்டில் ஏறி நின்றுகொண்டு தேவையே இல்லாமல் சீய்க்கிறதே, அது காட்டுத் தரையில் பழகிய கால். யானை லத்தி கிடந்தால் காட்டுக்கோழி விடாது. அதற்குள் செரிக்காத விதையும் உண்டு, சாணவண்டும் உண்டு. மழை பெய்து ஓய்ந்த காலையில் பாதையோரத்துக்கு வரும். ஆள் வந்தால் பறப்பதைவிட ஓடி ஒளிவதையே விரும்பும். துரத்தினால்தான் சடசடவென்று எழும்பும். இரவில் மரமேறி அடையும். எந்த மாதிரி மரத்தில், எவ்வளவு உயரத்தில் அடைகிறது என்பதை மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் தேனி வனக்கோட்டத்தின் கூடலூர்ச் சரகத்தில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். தரையில் மேய்கிற பறவைக்கு இரவு தங்க உயர்ந்த இடம் வேண்டும் என்பதைக் காட்டை வெட்டுகிறவர்கள் மறந்துவிடுவதுண்டு.

பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ சிறு குழுவாகவோ திரியும் இந்தக் கோழிகள் பெருங்கூட்டமாகச் சேரும் காலமும் உண்டு. மூங்கில் பூத்துக் காய்த்து அரிசி உதிர்க்கும் ஆண்டிலும், காட்டுக்குள் குறிஞ்சி இனச் செடிகள் விதை கொட்டும் ஆண்டிலும், எங்கெங்கிருந்தோ வந்து குவிந்துவிடும். உண்ணிச்செடிப் பழமும் பிடிக்கும். அந்த அந்நியப் புதர் காட்டைக் கெடுக்கிறது என்று வனத்துறை வெட்டுகிறது, சரிதான். ஆனால் அதே புதருக்குள்தான் இந்தக் கோழிக்குத் தீனியும் மறைப்பும் கிடைக்கின்றன. காட்டில் எதுவும் ஒரே கணக்கில் முடிவதில்லை.

காட்டுக்கோழி விதை பரப்பிக் காடு வளர்க்கிறது என்று சில பலகைகளில் எழுதிவைக்கிறார்கள். அதைக் கொஞ்சம் குறைத்தே சொல்லவேண்டும். இருவாச்சி பழத்தை விழுங்கி விதையை முழுதாகத் துப்புகிறது. கோழியின் இரைப்பை கல்லை வைத்து அரைப்பது. உள்ளே போன விதையில் பெரும்பகுதி மாவாகிவிடும். ஒரு பறவையைக் காப்பதற்கு அது நமக்கு ஏதாவது வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? அதன் வேலையை அது பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் கோழிக்கும் காட்டுக்கோழிக்கும் உள்ள வேலி எவ்வளவு பழையது, எவ்வளவு பொத்தலானது என்பதற்குத் தமிழிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் நாட்டு வளத்தைச் சொல்லும் முடத்தாமக் கண்ணியார் இரண்டு கோழிகளையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். காட்டுக்கோழி வயலுக்கு வந்து கதிரைக் கொத்துகிறது. வீட்டுக்கோழி மேட்டு நிலத்துத் தினையைத் தின்கிறது. நிலங்கள் ஒன்றோடொன்று கலந்து செழித்திருந்ததைக் காட்ட எழுதியது. கோழி வளர்ப்பவர் படித்தால் வேறொன்றும் தெரியும்: காட்டை விட்டு அதை வெளியே இழுப்பது தானியம்.

தொல்லியலும் அதையேதான் சொல்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்று 2022இல் வெளியான விரிவான ஆய்வு கூறுகிறது. அவற்றின் காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை. கோழியை முதலில் யாரும் வலைபோட்டுப் பிடித்து வந்து பழக்கவில்லை போலும். காட்டோரத்தில் நெல்லும் தினையும் விதைத்தார்கள், களத்தில் சிந்தினார்கள், கோழி தானாக வந்தது. வந்த கோழி நின்றது.

இன்றும் அது வருகிறது. லயன் வீட்டுக்குப் பின்னால் மிச்சச் சோற்றைக் கொட்டுகிற இடத்துக்கு, அரிசி புடைக்கிற இடத்துக்கு, கோழித்தீனியைக் காட்டைப் பார்த்து வீசுகிற இடத்துக்கு. “பாவம், அதுவும் தின்னட்டும்” என்று விடுகிற நல்ல மனம் பலருக்கு உண்டு. அந்த நல்ல மனத்திடம்தான் இந்த மடல் கொஞ்சம் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது.

சிவப்புக் காட்டுக்கோழிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு முன் பதப்படுத்திய அருங்காட்சியக மாதிரிகளையும் இன்றைய பறவைகளையும் மரபணு வழியாக ஒப்பிட்டு 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்றைய சிவப்புக் காட்டுக்கோழியின் மரபணுத் தொகுதியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வீட்டுக்கோழியிடமிருந்து வந்தது. காட்டில் நிற்கிறது, காட்டுக்கோழி என்று பெயர், உள்ளே பாதி வரை வீட்டுக்கோழி. அதைத் திருப்பி எடுக்க எந்த வழியும் இல்லை.

சாம்பல் காட்டுக்கோழி வேறு இனம். வீட்டுக்கோழியோடு கலப்பதற்குத் தடை கொஞ்சம் கெட்டியாகவே இருக்கிறது. டார்வின் சொன்ன மலட்டுத்தன்மை முழுப் பொய்யல்ல. ஆனால் முதல் தலைமுறைக் கலப்புக் குஞ்சுகள் எல்லாமே மலடாக இருப்பதும் இல்லை. அந்தத் தடை ஒருநாளும் உடையாது என்று யாராவது சொன்னால் உங்கள் மஞ்சள் கால் கோழியைத் தூக்கிக் காட்டுங்கள்.

“காட்டுக்கோழி கிராஸ்” என்று பெருமையாக விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்வது உண்மையென்றால் அது குற்றம். பொய்யென்றால் உங்கள் பணம் போயிற்று. கீரி, மயில், காகம் என்று சேவல் நிறத்துக்கே அத்தனை பெயர் வைத்து, சிறுவிடையையும் பெருவிடையையும் தலைமுறையாகக் காத்து வந்த ஊர்க்காரர்களுக்கு, காட்டிலிருந்து ரத்தம் கொண்டுவந்து பெருமை சேர்க்கவேண்டிய நிலை ஒன்றும் இல்லை.

கலப்பைவிட வேகமாக வேலியைத் தாண்டுவது நோய். வெள்ளைக்கழிச்சல் என்று நீங்கள் சொல்வதைக் கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள். 1920களின் இறுதியில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் இந்தியாவில் அந்தப் பெயர். ஒரு கொட்டகையில் புகுந்தால் இரண்டு நாளில் காலிசெய்துவிடும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கோழியும் காட்டுக்கோழியும் ஒரே பேரினம்; உங்கள் கோழிக்கு வரும் நோய்க்கு அதன் உடம்பும் வீடுதான். வித்தியாசம் ஒன்றே: உங்கள் கோழி செத்தால் எண்ணிக்கை உங்களுக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப்பக்கம் எத்தனை விழுந்தது என்று யாரும் எண்ணமாட்டார்கள், கீரியும் மரநாயும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே செத்த கோழியை ஓடைக்கரையிலோ தேயிலைச் சரிவிலோ வீசாதீர்கள். குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். நோய் வந்த கொட்டகையின் எருவையும் காட்டுப்பக்கம் கொட்டவேண்டாம். காட்டுக்கோழி கிளறுவதற்கு அதைவிடப் பிடித்தமான இடம் வேறில்லை.

கண்ணி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் வைக்கிறவர்களுக்கு அது தப்பு என்று தெரியும். பழக்கிய சேவலைக் கட்டிவைத்து, அதன் கூவலுக்குச் சண்டைபோட வரும் காட்டுச் சேவலைச் சுற்றிலும் விரித்த சுருக்கில் மாட்டுவது பழைய வித்தை. அதற்கு இரவல் கொடுக்கப்படுவது பெரும்பாலும் உங்களில் ஒருவருடைய சேவல். கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைத்தவரை மட்டும் பார்ப்பதில்லை, உதவியவரையும் தேடிவரும். கம்பிச் சுருக்குக்குக் கோழியும் ஒன்றுதான், சருகுமானும் ஒன்றுதான். காட்டுக்கோழிக் கறியின் ருசி பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். முழுதாக வளர்ந்த சேவலே ஒரு கிலோவுக்கு முன்பின்தான், அதுவும் ஓடி ஓடி இறுகிய சதை. அந்த ருசியில் பாதி, திருடித் தின்பதன் ருசி.

முட்டை பற்றியும் ஒரு வார்த்தை. பிப்ரவரியிலிருந்து மே வரை காட்டுக்கோழி அதிகமாக அடைகாக்கும் காலம். புதரடியில் சருகைக் குழித்துச் சில முட்டைகள் இடும். பெட்டை மட்டுமே இருபது, இருபத்தொரு நாள் உட்காரும். நாட்கணக்கு உங்கள் கோழிக்கும் ஏறக்குறைய அதே என்பதால்தான் விபரீதம். விறகு பொறுக்கப் போன இடத்தில் முட்டையைக் கண்டு, “தாய் ஓடிப்போய்விட்டது” என்று மடியில் கட்டிவந்து வீட்டு அடைக்கோழிக்கு வைத்துவிடுகிறார்கள். தாய் எங்கும் ஓடவில்லை, நீங்கள் நிற்பதால் பத்தடி தள்ளிப் புதருக்குள் நிற்கிறது. நீங்கள் நகர்ந்தால் அது திரும்பிவரும். சட்டத்தின் கணக்கில் முட்டை எடுப்பதும் வேட்டைதான் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அப்படிப் பொரிந்த குஞ்சு ஆளைக் கண்டு மிரண்டு மூலையில் முட்டிக்கொள்ளும். பிழைத்தாலும் பஞ்சாரத்துக்கும் ஒட்டாது, காட்டுக்கும் உதவாது.

“காட்டை வெட்டித் தேயிலை போட்டவன் வேறு, மலை முழுக்கச் சாலை போட்டவன் வேறு, ரிசார்ட் கட்டியவன் வேறு. நாலு கோழி வைத்திருக்கிற எங்களிடம் வந்து பாடம் நடத்துவதா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய சேதத்துக்குப் பெரிய கைகளே பொறுப்பு, அதை மறைக்க இந்த மடல் வரவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்: சாம்பல் காட்டுக்கோழி அழிவின் விளிம்பில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலை குறைந்த இனங்களின் வரிசையிலேயே இருக்கிறது. அடிவாரப் புதர்க்காடு முதல் நீலகிரிச் சோலை வரை, வடக்கே அபு மலை வரையிலும் பரவியிருக்கிறது. அதனால்தான் இப்போது பேசவேண்டும். எண்ணிக்கை குறைந்து கூண்டில் அடைத்துக் காப்பாற்றும் நிலை வந்தபின் செய்கிற வேலைக்குக் கோடிக்கணக்கில் செலவு. இன்றைக்குத் தேவைப்படுவது ஒரு மூங்கில் தட்டியும் கொஞ்சம் ஒழுங்கும்.

அந்த ஒழுங்கு என்னவென்று உங்களுக்கே தெரியும், ஞாபகப்படுத்தத்தான் வேண்டும். தீனியைக் காட்டை ஒட்டிப் போடாமல் வீட்டு முற்றத்தில், கோழி தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு திறந்துவிடுங்கள். காட்டுக்கோழி ஓரத்துக்கு வந்து மேய்வது விடியலிலும் அந்தியிலும்தான், அந்த இரண்டு வேளையும் உங்கள் கோழி உள்ளே இருந்தால் பாதிச் சந்திப்பு தவிர்ந்துவிடும். கோழியை நம்பியிருக்கிற காட்டுப்பூனைக்கும்கூட அதே வேளைதான் வசதி, அந்த வகையில் உங்களுக்கும் லாபம். இளஞ்சேவல்கள் அதிகமானால் தோட்டத்தில் சும்மா திரியவிடாமல் விற்றுவிடுங்கள். ஓடையைத் தாண்டிப் போவது பெட்டைகளைவிட அவைதான்.

தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு இலவசமாக இருவார முகாம் நடத்துவது வழக்கம். காட்டுக்கோழி அடைகாக்கத் தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். அறிவிப்பு வந்ததும் கோழிகளைக் கூடையில் கட்டி எடுத்துக்கொண்டு போகும்போது பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிப் போங்கள். அவர்கள் கோழியும் அதே ஓடைக்கரையில்தான் மேய்கிறது.